வீட்டுக்குள் பெரிய மீன் தொட்டி: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், ராணிப்பேட்டை என்று எங்கிருந்து யார் கூப்பிட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. எழுதிவைத்தால் எல்லோருக்கும் பயன்படும் என்று, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். கணக்கெல்லாம் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டிக்கு. நம் பக்கம் அதிகம் பேர் ஆசைப்படுவது அந்த அளவுக்குத்தான்.

1. நாலடி தொட்டிய நாமளே ஒட்ட முடியுமாண்ணா, இல்ல கடையில ரெடியா வாங்கிடறது நல்லதா?

முடியும். இரண்டடி வரைக்கும் கடையில் வாங்குவதே லாபம். நாலடிக்குப் போனால் நாமே செய்வதில் அர்த்தம் இருக்கிறது. கண்ணாடி எவ்வளவு கனம், தண்ணீர் இறங்கும் துளை எங்கே, சம்ப் (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) எத்தனை பெரிது என்பதை நம் தேவைக்கேற்ப முடிவு செய்யலாம்.

கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். 12 எம்எம் கண்ணாடியில் 4க்கு 2 அடித் துண்டு ஒன்றே 22 கிலோ வரும். சிலிகான் தடவிய விளிம்பின்மேல் அதை ஆடாமல் இறக்கி நிறுத்துவது ஒருவரால் ஆகிற வேலை இல்லை.

2. சின்னதா ஒண்ணு வெச்சுப் பழகிட்டு அப்புறம் பெருசுக்குப் போறதுதானே ஈஸி?

செலவுக்கு ஈஸி. பராமரிப்புக்கு அப்படி இல்லை. 30 லிட்டரில் ஒரு மீன் செத்து ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் மொத்தத் தண்ணீரும் கெட்டிருக்கும். நம் தொட்டி விளிம்பு வரை 450 லிட்டர். அதே தப்பு அதில் நடந்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். வெயிலில் சூடாவதும் மெதுவாகத்தான்.

3. எங்க வீட்டு போர் தண்ணி உப்புக் கரிக்கும். மீன் வளருமா?

தொட்டி வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலரும் மீனைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்பத் தண்ணீரை மாற்றப் போராடுகிறார்கள். வீட்டுக் குழாயில் என்ன வருகிறது என்று பார்த்து அதற்கேற்ற மீனை எடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும், அமில காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் சொட்டு மருந்துப் பெட்டியும் வாங்கிவிடுங்கள். வாளியில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காதது, கீசர் கம்பியில் சுண்ணாம்பு இதெல்லாம் கடினத் தண்ணீரின் அடையாளங்கள். டிடிஎஸ் 500க்குள் இருந்தால் பெரும்பாலான மீன் தாங்கும். 500லிருந்து 1000 வரை கப்பி, மோலி, பிளாட்டி நன்றாக வரும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்டுகளுக்குக் கடினத் தண்ணீரும் 8ஐ ஒட்டிய பிஹெச்சும்தான் சொந்த ஊர். 1000ஐத் தாண்டினால் தேர்வு சுருங்கிவிடும். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்நீர் மீன்கள் மேல் ஆசை இருந்தால் போர் தண்ணீரை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையும் போர் தண்ணீரையும் கலக்கலாம். கலக்கும் விகிதம் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது. 600 டிடிஎஸ்ஸில் நிலையாக இருக்கும் தொட்டியில் மீன் நிம்மதியாக வாழும். ஒரு வாரம் 300, மறுவாரம் 900 என்றால் நோய் வரும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பாலாற்றையொட்டி இருப்பவர்கள் கவனிக்கவும். தோல் பதனிடும் கழிவு அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்தது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பான வழக்கு. குரோமியம் போன்றவற்றை டிடிஎஸ் மீட்டர் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு முறை பரிசோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

4. ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணி வீணாகுதே, அத ஊத்தலாமா?

கூடாது. வடிகட்டியில் பிரிந்த உப்பெல்லாம் சேர்ந்து வருவது அந்தத் தண்ணீரில்தான். மீட்டரை வைத்தால் போர் தண்ணீரைவிட அதிகம் காட்டும். அதை வீடு கழுவ வையுங்கள். சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீரை மட்டும் நிரப்புவதும் சரியில்லை. தாது இல்லாத தண்ணீரில் பிஹெச் நிலைக்காது. போர் தண்ணீரை இளக்கவும், ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டவும் அதைப் பயன்படுத்துங்கள்.

5. நாங்க முதல் மாடி சார். தளம் தாங்குமா?

தண்ணீர், கண்ணாடி, மணல், ஸ்டாண்டு, சம்ப் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 700 கிலோ. வீட்டு அறைகளுக்கு ஐஎஸ் 875 தரநிலை சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. 10க்கு 12 அறை முழுவதற்கும் கணக்குப் போட்டால் 2 டன்னுக்கு மேல் வருகிறது, பயம் இல்லை என்று தோன்றும். ஆனால் நம் 700 கிலோ முக்கால் சதுர மீட்டரில் ஒரே இடத்தில் உட்காருகிறது. அறை நடுவில் வைக்கவே கூடாது. கீழே சுவரோ பீமோ உள்ள ஓரமாக, தொட்டியின் நீளப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். பழைய மெட்ராஸ் ஒட்டுத் தளமோ (மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கியது), நீர்க்கசிவு கண்ட தளமோ என்றால் இன்ஜினியர் பார்க்காமல் வைக்காதீர்கள். தரைத்தளம் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம்.

6. கண்ணாடி எத்தனை எம்எம்? கடைக்காரர் எட்டே போதும்னு சொல்றாரு.

2 அடி உயரத்துக்கு 12 எம்எம். உயரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் 10 எம்எம். கண்ணாடியைத் தள்ளுவது தண்ணீரின் ஆழம். தொட்டியின் அகலம் அந்த அழுத்தத்தைக் கூட்டாது. 2 அடி ஆழத்தில் 4 அடி முன்பக்கக் கண்ணாடியின்மேல் மொத்தம் 225 கிலோ அளவுக்கு விசை இருக்கும். எட்டு எம்எம் அன்றைக்கே உடையாமல் இருக்கலாம். நடுவில் உப்பி, ஒட்டை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். மேல் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக 3 அங்குலப் பட்டையும், நடுவில் குறுக்கே ஒரு பட்டையும் ஒட்டினால் உப்பல் பெருமளவு குறையும்.

விளிம்புகளைக் கடையிலேயே பாலிஷ் போட்டு வாங்குங்கள். துளையும் அங்கேயே போடச் சொல்லுங்கள். டஃபன்ட் (சூடேற்றிக் கெட்டியாக்கிய) கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது. ட்ரில் பட்டதும் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

7. பாத்ரூமுக்கு வாங்கின சிலிகான் மிச்சம் இருக்கு, அதையே அடிச்சுடலாமா?

வேண்டாம். பாத்ரூம், சமையலறைக்கென்று வருவதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து இருக்கும். அது மீனுக்கு விஷம். சிலிகான் குழாயின்மேல் மீன் தொட்டிக்கு ஏற்றது என்று போட்டிருக்க வேண்டும், பூஞ்சைத் தடுப்பு இல்லாததாக இருக்க வேண்டும். வினிகர் வாடை அடிப்பது அசிட்டிக் வகை, தொட்டிக்கு வழக்கமாக எடுப்பது அதுதான். வாடை மட்டும் போதாது, பாத்ரூம் வகைகள் பலவும் அப்படித்தான் மணக்கும்.

ஒட்டும் முன் விளிம்புகளை அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிகானை விட்டு விட்டு இழுக்காமல் ஒரே ஓட்டமாக இழுத்து, தோல் கட்டும் முன் வழித்து, டேப்பை ஈரத்திலேயே உரித்துவிடுங்கள். கண்ணாடியும் கண்ணாடியும் உரசாமல் நடுவில் 2 எம்எம் சிலிகான் நிற்க வேண்டும். அழுத்தி முழுவதும் பிதுக்கி வெளியேற்றினால் ஒட்டு பலமிழந்துவிடும்.

8. ஒட்டி எத்தன நாள்ல தண்ணி ஊத்தலாம்?

குறைந்தது ஒரு வாரம். 12 எம்எம் ஒட்டுக்குப் பத்து நாள் விடுவது நல்லது. சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். அதனால் நம் மே மாத வறண்ட காற்றில் இன்னும் மெதுவாகும். கிட்ட மூக்கை வைத்தால் வாடை இருக்கக் கூடாது.

முதல் நிரப்பலை வீட்டுக்குள் செய்யாதீர்கள். வாசலில் சமதரையில் தெர்மோகோல் போட்டு, கால் பங்கு, அரை, முக்கால் என்று நேரம் விட்டு நிரப்பி இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒட்டின் ஓரமாகக் காய்ந்த டிஷ்யூ தாளை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரியும். கசிந்தால் அதன்மேலேயே புதிய சிலிகான் பூசிப் பயனில்லை. பழைய சிலிகானில் புதியது ஒட்டாது. அந்த ஒட்டை பிளேடால் முழுக்க உரித்துத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி.

9. ஸ்டாண்டு இரும்பா, செங்கலா?

எதுவானாலும் சரி. வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்து துருத் தடுப்பு பெயின்ட் அடிக்கலாம். செங்கல் கட்டி மேலே கடப்பாக் கல் போடலாம், சம்ப் நுழைய இடம் விட்டு. மேல்பகுதி மட்டமாக இருப்பதுதான் உயிர்நாடி. ரசமட்டம் வைத்து நீளம், அகலம், மூலைக்கு மூலை பாருங்கள். தொட்டிக்குக் கீழே முக்கால் அங்குலத் தெர்மோகோல்.

10. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. அப்புறம் ஃபில்டர் எதுக்கு?

தெளிவு வேறு, சுத்தம் வேறு. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்ச உணவும் கழிவும் அழுகினாலும் அதுதான். அதற்கு நிறம் கிடையாது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்த பாக்டீரியாவுக்கு உட்கார இடமும் ஓடும் தண்ணீரும் ஆக்சிஜனும் கொடுப்பதுதான் ஃபில்டரின் முதல் வேலை. தூசி பிடிப்பது அடுத்தது.

11. புதுத் தொட்டியில மீன் விட்டா மூணாம் நாளே செத்துப் போகுதுண்ணா. கடைக்காரர் கெட்ட மீனைக் குடுத்துட்டாரா?

பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பில்லை. மேலே சொன்ன பாக்டீரியா புதுத் தொட்டியில் இல்லை, பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊரில் இன்னொன்றும் சேருகிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், ஒன்றுதான் கொடிய விஷம். பிஹெச் 7, 25 டிகிரியில் மொத்தத்தில் 0.6 சதவீதம் மட்டுமே அந்த வடிவம். பிஹெச் 8, 30 டிகிரியில் 7 சதவீதத்துக்கு மேல். நம் போர் தண்ணீரும் நம் வெயிலும் கிட்டத்தட்ட இந்த இரண்டாவது நிலைதான். ஊட்டியில் மீன் தாங்கும் அதே அம்மோனியா அளவு இங்கே கொன்றுவிடும்.

அதனால் மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்குங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு அழுகவிடுங்கள். பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொஞ்சம் அழுக்கு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கிப் போட்டால் காலம் பாதியாகும், அவர் தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும். சொட்டு மருந்துப் பரிசோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்ற நிலை வந்தபின் நான்கைந்து மீனாக விடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதிக்க வழி கேட்டுத்தான் அதிகம் பேர் கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து வழி இல்லை.

12. சம்ப், சம்ப்னு சொல்றாங்களே, அது என்ன? எப்படிப் பண்றது?

தொட்டிக்குக் கீழே இருக்கும் இன்னொரு தொட்டிதான். மேல் தொட்டியின் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு சின்ன அறை. தண்ணீர் அந்தத் தடுப்பின் மேல்விளிம்பைத் தாண்டி வழிந்து, குழாயில் தானாகக் கீழே இறங்கும். சம்ப்பில் முதல் அறையில் ஸ்பாஞ்ச், நடு அறையில் பாக்டீரியா குடியிருக்கும் மீடியா, கடைசியில் பம்ப். பம்ப் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். பெரிய தொட்டிக்கு இதைவிட நல்ல ஃபில்டர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். செலவு குறைவு, இடம் அதிகம், கழுவுவது சுலபம்.

இறக்கத்துக்கு ஒன்றரை அங்குலப் பிவிசி இரண்டு போடுங்கள். ஒன்றில் இலையோ நத்தையோ அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். தடுப்பின் விளிம்பில் மீன் நுழையாத அளவுக்கு வலை வேண்டும்.

கரண்ட் போனதும் வீடு நனையும் கதைகளுக்குக் காரணம் ஏற்றுக் குழாய். பம்ப் நின்றதும் அந்தக் குழாய் சைஃபனாக மாறி, மேலிருந்து தண்ணீரைக் கீழே இழுக்கும். நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே அந்தக் குழாயில் சின்ன ஓட்டை போட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்த ஓட்டையை வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், பாசி அடைத்துவிடும். எல்லாம் சேர்ந்து 2 அங்குலம் இறங்கினால் 38 லிட்டர். அத்தனையும் பிடிக்கச் சம்ப்பில் காலி இடம் இருக்க வேண்டும். 3 அடிக்கு ஒன்றேகால், ஒன்றேகால் அளவுச் சம்ப் 130 லிட்டர் பிடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, அந்த இடத்தில் மார்க்கர் கோடு போட்டுவைத்தால் கவலை இல்லை. பம்ப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகே தூங்கப் போங்கள்.

13. பம்ப் எத்தன லிட்டர் வாங்கறது?

மணிக்குத் தொட்டியின் 4, 5 மடங்கு சுற்ற வேண்டும், அதாவது சுமார் 2000 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாதபோது வருவது. சம்ப்பிலிருந்து தொட்டி விளிம்புக்கு 5 அடி ஏற்ற வேண்டும். 3000, 3500 என்று போட்டதை வாங்குங்கள், அதிகபட்ச உயரம் 8 அடிக்கு மேல் உள்ளதாக. அந்த அதிகபட்ச உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்பதை மறக்கக் கூடாது. 40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட்.

14. செராமிக் ரிங், அது இதுன்னு ஆயிரக்கணக்குல செலவாகுதே?

தேவையில்லை. சம்ப்பின் மீடியாவுக்குப் பழைய நாட்டுக் கூரை ஓடுகளை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துத் தூசி போகக் கழுவி, வெங்காய மூட்டை வலையில் கட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் தேய்க்கும் நார், லாவா கல் இரண்டும் நன்றாக வேலை செய்யும். இரும்பு நார் கூடாது, சோப்பு பட்டதும் கூடாது.

15. வாரா வாரம் ஃபில்டர நல்லா தேய்ச்சுக் கழுவறேன், இருந்தும் தண்ணி பால் மாதிரி கலங்குது.

கழுவுவதால்தான் கலங்குகிறது. குழாய்த் தண்ணீரில் தேய்த்தால் 11ஆம் கேள்வியில் சொன்னபடி ஆறு வாரம் காத்து வளர்த்த பாக்டீரியாவெல்லாம் சாக்கடையில் போய்விடும். ஸ்பாஞ்சை மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் வாளியில் அலசுங்கள். மீடியாவை மாதக்கணக்கில் தொடவே வேண்டாம்.

16. கார்ப்பரேஷன் தண்ணிய நேரா விடலாமா?

குளோரின் மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் ஒருசேரத் தாக்கும். டிரம்மில் பிடித்து, காற்றுக் கல் (காற்று மோட்டார் குழாயின் முனையில் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் கலந்த குளோரின் நீக்கி. சின்டெக்ஸில் பிளீச்சிங் பவுடர் போட்ட வாரம் வீட்டில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். வாரம் கால் பங்கு, சுமார் 110 லிட்டர் மாற்றினால் போதும்.

17. கத்திரி வெயில்ல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. ஐஸ் கட்டி போடலாமா?

மேலே வருவது மூச்சுக்காக. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும், 35இல் 7க்குக் கீழே. அதே நேரம் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. முதலில் காற்றுக் கல், ஏற்றுக் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குத் திருப்பிக் கலக்கிவிடுவது. அடுத்து, மூடியைத் திறந்து சின்ன டேபிள் ஃபேனை நீரின்மேல் படும்படி வையுங்கள். வேலூரின் வறண்ட வெயில் இதற்கு மட்டும் உதவி செய்கிறது. ஆவியாவது வேகமாக இருப்பதால் 2, 3 டிகிரி இறங்கிவிடும், கடலோர ஊர்களில் இந்த அளவுக்கு இறங்காது. மீன் குதிக்காமல் மேலே வலை போடுங்கள்.

ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஜூனுக்குள் டிடிஎஸ் எங்கோ ஏறியிருக்கும். 4இல் சொன்ன ஆர்ஓ தண்ணீர் இங்கேதான் வேண்டும். ஐஸ் கட்டியைக் கொட்டினால் சட்டென்று குளிர்ந்து மீன் அதிர்ந்துவிடும். அவசரத்துக்கு மூடிய பாட்டிலில் உறையவைத்துச் சம்ப்பில் ஒவ்வொன்றாகப் போடலாம். வெயில் காலத்தில் உணவைப் பாதியாக்குங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

18. கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?

மீன் கொஞ்சமாக இருந்தால் சில மணி நேரம். நெருக்கடியான தொட்டியில் ஒரு மணியிலேயே திணறும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும், வீட்டு இன்வெர்ட்டரில் பம்ப்பையும் சேர்த்தால் இன்னும் நல்லது. சம்ப்புக்குப் பதில் கேனிஸ்டர் (மூடிய டப்பா ஃபில்டர்) வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் நின்றபின் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். அதைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள்.

19. ஆத்து மணல் போடலாமா?

நன்றாக அலசினால் போடலாம். எம்சாண்ட் வேண்டாம், கூர் முனைகள் அடிமீன்களின் மீசையைக் கிழிக்கும். கல் போடும் முன் வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்புக் கல், ஏற்கெனவே கடினமான நம் தண்ணீரை மேலும் கடினமாக்கும்.

20. வாரா வாரம் தண்ணி மாத்தியும் நைட்ரேட் இறங்கவே மாட்டேங்குது. என்ன தப்பு?

மாற்றும் தண்ணீரையே பரிசோதியுங்கள். செப்டிக் டேங்க் நெருங்கிய தெருக்களிலும், உரம் போடும் நிலத்தை ஒட்டியும் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும். அதை ஊற்றிக் குறைக்க முடியாது. ஆர்ஓ தண்ணீரின் பங்கைக் கூட்டுங்கள், மீனைக் குறையுங்கள். சம்ப்பின் மேல் மணி பிளான்ட் கொடிகளை வேர் மட்டும் நனையும்படி விடுங்கள். நைட்ரேட்டை உறிஞ்சி அது தழைப்பது கண்ணாலேயே தெரியும்.

21. டேங்க் கிளீனர் மீன் ஒரு அடி ஆயிடுச்சு. கோட்டை அகழியில விட்டுடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். அகழியிலும் சரி, ஏரியிலும் சரி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் ஏற்கெனவே பெருகி, நம் மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் உணவையும் முட்டையையும் அழிக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஈரம் இருந்தால் வெளியிலும் வெகுநேரம் உயிரோடு கிடக்கும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். இனி வாங்குவதாக இருந்தால் அதை வாங்காதீர்கள். அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிவு போடும். கண்ணாடிப் பாசிக்கு ஒரு காந்தத் துடைப்பான் போதும்.